கும்மி அடிச்சோம், ஆடலை

உடற்பயிற்சி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை நன்றாக அசைக்க வேண்டும், பிரித்துச் செய்தாலும் ஒவ்வொரு தடவையும் 10 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று அதில் இருந்தது. 2020-ல் வந்த புது வழிகாட்டியில் அந்த 10 நிமிட நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடமானாலும் கணக்கில் சேரும். அப்புறம் என்ன, குக்கர் விசில் வருவதற்குள் ஒரு ஆட்டம், பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு ஒரு ஆட்டம் என்று கைபேசி முழுக்க யோசனைகள். குடும்பம் நடத்துகிற பெண்ணுக்கு நேரம் இல்லை, அதனால் கிடைத்த இடைவெளியில் ஆடட்டும் என்பதை ஏதோ இப்போதுதான் கண்டுபிடித்தது மாதிரிப் பேசுகிறார்கள்.

காஞ்சிபுரத்துத் தறி வீடுகளைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது இந்த விஷயம் பக்கவாட்டில் வந்து மாட்டியது. பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் பெரியம்மாவிடம், சின்ன வயதில் ஆடியிருக்கிறீர்களா என்று கேட்டேன். "ஆட்டமா? நாங்க எங்கடி ஆடினோம்! கும்மிதான் அடிச்சோம்" என்றார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி ஒரு பார்வை வேறு.

அந்த 'அடிச்சோம்' என்ற சொல்லை அப்புறம் கவனிக்க ஆரம்பித்தேன். கரகம் ஆடுகிறார்கள், காவடி ஆடுகிறார்கள், பேய்கூட ஆடுகிறது. கும்மியை மட்டும் நாம் அடிக்கிறோம், அல்லது கொட்டுகிறோம். உடம்பு வளைந்து நிமிர்கிறது, கால் மாறுகிறது, வட்டம் சுற்றுகிறது. பார்க்கிற யாரும் அதை ஆட்டம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் மொழி கையை மட்டும் பார்த்துவிட்டுக் காலைப் பார்க்காதது போல இருந்துவிடுகிறது. இது தற்செயல் இல்லை என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கும்மி எப்படிப்பட்ட பொருள் என்று பார்ப்போம். மேளம் வேண்டாம், கைத்தட்டலே தாளம். சலங்கை வேண்டாம். மேடை வேண்டாம், முற்றமோ தெருவோ களமோ போதும். ஒருத்தி பாட்டு எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வதால் பாட்டு மனப்பாடம் இல்லாதவளும் சேரலாம். வட்டம் என்பதால் ஆறு பேர் இருக்கும் இடத்தில் ஏழாவது ஆள் நுழைந்தால் வட்டம் கொஞ்சம் விரியும்; குழந்தை அழுகிறது என்று ஒருத்தி கழன்றுகொண்டால் கொஞ்சம் சுருங்கும். ஆட்டம் நிற்காது. பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லாததால் பாதியில் நிறுத்தினாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. பாட்டும் அப்படித்தான், ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக முடியும். ஐந்து கண்ணி பாடிவிட்டுப் போகலாம், ஐம்பதும் பாடலாம். நேரம் தன் கையில் இல்லாத ஒருவருக்காக ஒரு ஆட்டத்தைச் செய்யச் சொன்னால் இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் செய்ய முடியாது.

இதே வடதமிழ்நாட்டின் ஆண்களின் கலையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் தெருக்கூத்து நடக்கும். அருகில் இருக்கும் புரிசை கூத்துக்குப் பேர்போன ஊர். இரவு ஆரம்பித்தால் விடியும்வரை கூத்து, நாள்கணக்கில் தொடரும். மரபில் பெண் வேஷமும் ஆண்களே கட்டினார்கள். திரௌபதியாக ஒருவர் ராத்திரி முழுக்க ஆடிவிட்டுப் பகலெல்லாம் தூங்க முடிகிறது என்றால், பகலில் அவர் வீட்டில் அடுப்பு மூட்ட இன்னொருவர் இருக்கிறார் என்று அர்த்தம். அந்த இன்னொருவருக்கு முழு ராத்திரி எப்படிக் கிடைக்கும்? கிடைத்தது கும்மி நேரம்.

இது எவ்வளவு பழசு என்று யோசித்தால் நமக்குச் சிலப்பதிகாரம் இருக்கிறது. ஆய்ச்சியர் குரவையைப் பெரும்பாலும் திருமால் வழிபாட்டுப் பகுதியாகத்தான் நமக்குப் பாடம் நடத்தினார்கள். நான் திரும்பப் படித்தபோது கண்ணில் பட்டது வேறு. அன்றைக்கு அரண்மனைக்கு நெய் கொடுக்க வேண்டிய முறை மாதரி வீட்டுடையது. விடியற்காலையில் மத்தும் கயிறுமாக வேலையைத் தொடங்கப் போகிறாள். பால் உறையவில்லை. வெண்ணெய் உருகவில்லை. காளையின் கண்ணில் நீர், பசுக்களின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ கெட்டது வரப் போகிறது என்று பயந்துதான் மகள் ஐயையைக் கூப்பிட்டுக் குரவை ஆடலாம் என்கிறாள். அங்கேயே இருக்கும் ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரையும் வைத்து ஆட வைக்கிறாள். முடிந்ததும் மாதரி வைகைக்கு நீராடப் போய்விடுகிறாள். கோவலன் செய்தி அதற்குப் பிறகுதான் அந்த ஆய்ச்சேரிக்கு வருகிறது. ஆக, வேலை நாளில், வேலை செய்யும் இடத்தில், வேலை தடைப்பட்ட நேரத்தில் ஆடியது அது. குரவையிலிருந்துதான் கும்மி வந்தது என்று நேர்கோடு போட நான் தயாராக இல்லை. ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான இடைவெளியில் முளைத்தவை.

இப்போது காஞ்சிபுரத்துத் தறி வீட்டுக்கு வருவோம். இடைவெளி என்ற சொல்லுக்கு இங்கே ஒரு குறிப்பான பொருள் உண்டு.

பட்டுச் சேலையைத் தறிக்காரர் ஒருவர் நெய்கிறார் என்று நாம் சொல்கிறோம். வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அது முழுக் குடும்பத்தின் வேலை. நூலைப் பிரித்துச் சுற்றுவது, ஊடைக்குத் தார் சுற்றுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள், வயதானவர்கள். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா, மொத்தம் மூன்று. குழித்தறியில் உட்கார்ந்திருப்பவர் தனியாகச் சமாளிக்க முடியாது. அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா வாங்கிக் கொடுக்க ஒரு கை வேண்டும். அது மனைவியாகவோ பிள்ளையாகவோ இருக்கும். இத்தனைக்கும் நடுவில் சமையல், தண்ணீர், துணி. தறி ஓடும்வரை அந்தப் பெண் எழுந்திருக்க முடியாது. அவள் எழுந்தால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும். சேலைக் கணக்கில்தான் கூலி.

ஆனால் தறி தானாகவே நிற்கிற நேரங்கள் உண்டு. பொதுவாக மூன்று சேலைக்கு ஒரு பாவு. அது தீர்ந்ததும் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அந்த வேலை நடக்கும்போது கரைக்கு நாடா கொடுக்கிறவளுக்கு வேலை இல்லை. பாவைத் தெருவில் நீளமாக விரித்துக் கட்டி, பக்குவப்படுத்துவது விடியற்காலை வேலை, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அதற்கு ஒரு வீட்டு ஆள் போதாது, பக்கத்து வீட்டுக்காரர்களும் வருவார்கள். அப்படித் தெருவே கூடுகிற காலை அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை நடக்காது. அமாவாசைக்குப் பல வீடுகளில் தறியில் உட்கார மாட்டார்கள். பெரியம்மா சொன்ன கும்மிகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஆடி மாதத்துக் கூழ் வார்க்கும் நாள், காணும் பொங்கல், யாராவது வயசுக்கு வந்த வீடு ஆகியவை எல்லா ஊரிலும் உள்ளவை. மற்றதெல்லாம் பாவு மாற்றுகிற நாள், அமாவாசை சாயங்காலம், மழைக்குத் தறி நின்ற மதியம். பஞ்சாங்கத்தில் பாதி, தறியில் பாதி.

எவ்வளவு நேரம் அடிப்பீர்கள் என்றால் பெரியம்மாவுக்கு நிமிடக் கணக்கு தெரியவில்லை. உலையில் அரிசி போட்டுவிட்டு வந்தால் வடிக்கிற பதம் வரும்வரை என்றார். கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம்.

சரி, இதை ஏன் ஆட்டம் என்று சொல்ல நாக்கு கூசியது? காஞ்சிபுரத்தில் 'ஆட்டம்' என்ற சொல்லுக்கு வேறு சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

இந்த ஊரில் ஆட்டத்துக்குக் குறைவே கிடையாது. எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலில் சிவன் பல நிலைகளில் ஆடுகிறார். மணிமேகலைக் காப்பியத்தில், ஆடற்குலத்தில் பிறந்து ஆட மறுத்த மாதவியின் மகள் கடைசியில் வந்து சேர்வது இந்தக் கச்சி மாநகருக்குத்தான். பிற்காலத்தில் கோயில் சார்ந்த இசை, நடனக் குடும்பங்களின் பெரிய மையமாக ஊர் இருந்தது. பாடகி தனகோடி அம்மாள், அவர் குடும்பத்தில் வளர்ந்த லயச் சக்கரவர்த்தி நாயனாப் பிள்ளை (1889–1934), பாலசரஸ்வதிக்கு நட்டுவாங்கம் செய்த எல்லப்பா எல்லாருக்கும் பெயருக்கு முன்னால் காஞ்சிபுரம் நிற்கிறது. பாலசரஸ்வதியின் அரங்கேற்றமே இங்கேதான், 1925-ல், அம்மனாட்சி அம்மன் கோயிலில் நடந்தது. அப்போது அவருக்கு வயது 7. சென்னையில் வீணை தனம்மாளின் பேத்தியாக வளர்ந்த அந்தக் குழந்தைக்கு வீடு என்றாலே பாட்டும் ஆட்டமும்தான். குடும்ப வாழ்க்கைக்கு இடையில் ஆட்டத்தை நுழைக்கும் பிரச்சினையே அங்கே இல்லை; ஆட்டம்தான் குடும்பத் தொழில், பெண்தான் வீட்டுக்குத் தலை. நேரமில்லை என்கிற பேச்சு எங்கிருந்து வரும்?

அந்தக் குடும்பங்களும் தறி வீடுகளும் தனித்தனித் தீவுகள் இல்லை. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில், கைக்கோளர் குடும்பம் ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணைக் கோயிலுக்கு விடும் வழக்கம் இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். 'ஒவ்வொன்றிலும்' என்பதை நான் நம்பவில்லை. காலனிய இனவரைவியல்காரர்களுக்கு ஓர் ஊரில் கேட்டதை ஒரு சமூகத்துக்கே சட்டமாக எழுதும் பழக்கம் உண்டு. ஆனால் நெசவுக்கும் கோயில் நடனத்துக்கும் உறவு இருந்தது என்பதை மறுக்க முடியாது. உறவு இருந்த காரணத்தாலேயே, காலம் மாறியபோது அதை மறக்க வேண்டிய அவசரமும் அதிகமாக இருந்தது.

காலம் மாறியது உங்களுக்குத் தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து நாட்டிய ஒழிப்பு இயக்கம், 1920-களின் கடைசியில் சென்னைச் சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சி, 1947-ல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம். சிறுமிகளைப் பொட்டுக் கட்டுவது நின்றது, நிற்க வேண்டியதுதான். ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. 'ஆடுகிறவள்', 'குடும்பப் பெண்' என்று இரண்டு பேர் உருவானார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு சுவர். பாட்டுக்கே அந்தச் சுவர் இருந்தது. 1919-ல் காஞ்சிபுரத்தில் பிறந்த டி. கே. பட்டம்மாளின் தாயார் நன்றாகப் பாடக் கூடியவர். ஆனாலும் ஆசாரமான குடும்பம் என்பதால் உறவினர், நண்பர் முன்னால்கூடப் பாடியதில்லை. பாட்டுக்கே இப்படி என்றால் ஆட்டத்துக்குச் சொல்லவே வேண்டாம்.

கும்மி இந்தச் சுவரில் மாட்டாமல் தப்பியது அதன் வினைச்சொல்லால்தான் என்று நினைக்கிறேன். அது யாருடைய தொழிலும் இல்லை, யாரும் காசு வாங்குவதில்லை, யாரும் பார்ப்பதற்காகச் செய்வதில்லை. 'அடிப்பது' என்று சொல்லிக்கொண்டவரை அது ஆட்டமே இல்லை. பெரியம்மாவின் மாமியார் தெரு முனையில் நாடகம் பார்க்கப் போவதற்குக்கூட அனுமதிக்காதவராம். கும்மிக்கு அவரே முதல் பாட்டு எடுத்துக் கொடுப்பாராம்.

குடும்பப் பெண்களிடம் எதையாவது கொண்டு சேர்க்க விரும்பியவர்கள் எல்லாரும் கும்மியைப் பிடித்துக்கொண்டதற்கும் இதுவே காரணம். வள்ளலார் சண்முகர் கொம்மி பாடினார். தாது வருஷப் பஞ்சத்துக்கு (1876–78) கும்மி பாடினார்கள். பாரதி பெண் விடுதலையைக் கட்டுரையாகவும் எழுதினார், ஆனால் அதைப் பெண்கள் வாயில் போட நினைத்தபோது கும்மியாக எழுதினார். சலங்கை கட்டிய ஆட்டமாக இருந்தால் எந்த வீட்டு முற்றத்திலும் நுழைந்திருக்காது.

அப்புறம் 1930-கள். 1932-ல் சென்னை மியூசிக் அகாடமி சதிரைப் பரதநாட்டியம் என்று அழைக்கத் தீர்மானித்தது. 1935-ல் ருக்மிணி தேவி மேடை ஏறினார், மறு வருஷம் கலாக்ஷேத்ரா. குடும்பப் பெண்ணும் ஆடலாம் என்றாகிவிட்டது. கொண்டாட வேண்டிய விஷயம்தான். ஆனால் என்ன நிபந்தனையில் ஆடலாம் என்றானது? வகுப்புக்குப் போக வேண்டும், வருஷக்கணக்கில் கற்க வேண்டும், அரங்கேற்றம் வேண்டும், பக்கவாத்தியம் வேண்டும். இரண்டு, மூன்று மணி நேர மார்க்கம். இவ்வளவும் ஒரு பெண்ணுக்கு எப்போது முடியும்? கல்யாணத்துக்கு முன்னால். சுவரை இடித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். உண்மையில் அதைத் தாலி கட்டும் நாளுக்கு நகர்த்தி வைத்தார்கள்.

கலாநிதி நாராயணனின் கதையை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். 1928-ல் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, அந்தக் காலத்திலேயே மயிலாப்பூர் கௌரி அம்மாள் போன்றவர்களிடம் அபிநயம் கற்றவர். பதின்வயதில் கல்யாணம். ஆட்டம் நின்றது. திரும்பச் சொல்லிக்கொடுக்க வந்தது 1973-ல், நாற்பதைத் தாண்டிய பிறகு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு. அதன் பின் அபிநயத்தில் அவருக்கு நிகரான ஆசிரியர் இல்லை என்று பெயர் எடுத்தார்; 1985-ல் பத்மபூஷண். எல்லாரும் இதை மறுவருகையின் வெற்றியாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு நடுவில் உள்ள முப்பது வருஷம்தான் உறுத்துகிறது. அவ்வளவு பெரிய கலைஞருக்கே வீட்டு வேலைக்கு இடையில் பொருந்துகிற அளவில் ஒரு ஆட்டம் அந்த உலகத்தில் வைக்கப்படவில்லை. முழுசாக ஆடு, இல்லையென்றால் ஆடாதே.

பிள்ளையார்பாளையத்தில் கும்மி எப்போது நின்றது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். தொலைக்காட்சி வந்ததும் என்கிறார் ஒருவர். மழை மதியத்தை அது எடுத்துக்கொண்டது உண்மைதான். இன்னொரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1990-களில் பட்டுத் தறியில் குழந்தைகள் வேலை செய்வதற்கு எதிராகக் காஞ்சிபுரத்தில் பெரிய முயற்சி நடந்தது, பெண் பிள்ளைகள் தறியை விட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். நல்லதுதான், அதில் இரண்டு பேச்சே இல்லை. ஆனால் கும்மி கற்றுக்கொள்ளும் வயதுக்காரர்கள் பகலில் தெருவில் இல்லாமல் போனார்கள். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வட்டம் சுருங்கத்தானே செய்யும். கொஞ்சம் வசதி வந்த வீடுகளில் பெண்ணைப் பரதநாட்டிய வகுப்பில் சேர்த்தார்கள். பெரியம்மாவின் பேத்தியும் போனாள், பத்தாம் வகுப்பு வரைக்கும். பொதுத்தேர்வு வந்ததும் சலங்கை பரண் மேலே போய்விட்டது.

கும்மிக்கே இப்போது ஒரு மறுவருகை நடக்கிறது, ஆனால் கொங்கு நாட்டில். கோவைப் பக்கத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் மரபை மீறிப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரே நிறச் சேலையில், ஒலிபெருக்கி வைத்து, மைதானத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஆடுவதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். எனக்கும் பார்க்கப் பிடிக்கும். அங்கே பயிற்சி உண்டு, அரங்கேற்றம் உண்டு, பார்வையாளர் உண்டு. வீட்டு முற்றத்துக் கும்மியின் பெரிய தங்கை என்று வேண்டுமானால் சொல்லலாம், அதே ஆள் இல்லை.

போன மாதம் பெரியம்மாவை அடித்துக் காட்டச் சொன்னேன். மூட்டு வலி. உட்கார்ந்தபடியே தட்டினார். நுனி விரல் தட்டு, உள்ளங்கைத் தட்டு, பக்கத்து ஆளின் கையோடு தட்டு என்று மூன்று வகை எனக்குப் பிரித்துத் தெரிந்தது. கால் அடவை மருமகளை நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவர் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதற்கு நடுவில் வந்து நின்றார். இரண்டு தடவை தப்பிவிட்டு மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டார். ஏழு கண்ணி வரை பெரியம்மாவுக்கு நினைவு இருந்தது, எழுதி வைத்துக்கொண்டேன். மூன்றாவதும் ஐந்தாவதும் நடுவில் அறுந்து போயிருக்கின்றன.

காஞ்சிபுரம், அய்யம்பேட்டை, ஆரணிப் பக்கத்துத் தறி வீடுகளில் கும்மி அடித்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் பாட்டை மட்டும் கேட்டு எழுத வேண்டாம். பாட்டு கிடைத்துவிடும். எந்த நேரத்தில் அடித்தார்கள், அப்போது தறி ஏன் நின்றிருந்தது, அடுப்பில் என்ன இருந்தது என்று சேர்த்துக் கேட்டு எனக்கு அனுப்புங்கள். "ஆடினீங்களா" என்று மட்டும் கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும்.